காசியப கோத்திரத்துக் கால்பந்துச் சங்கம்

சிங்காநல்லூர், கோயமுத்தூர்
5-12-1996

உடுமலைப்பேட்டையில் இருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை வேங்கடசாமி அவர்களுக்கு, மைத்துனன் லட்சுமணசாமி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ராமாமணியும், அவளுடைய இடுப்பு வலியையும் என்னுடைய மொட்டைத் தலையையும் தவிர்த்து, நலம். அவ்விடம் தாங்களும் கண்மணி பூஜிதாவும் தோப்பில் தென்னைகளும் நலமா என்று அறிய ஆவல். தங்கை ரங்கநாயகி இந்த ஜென்மத்தில் இனி என் முகத்தில் விழிப்பதில்லை என்று சொல்லிவிட்டதாகத் தாங்கள் எழுதியிருப்பதால், அவள் நலத்தை நேரில் கேட்க எனக்கு வழியில்லை. தாங்களே கேட்டு எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை ராமாமணி வாங்கி மடித்து வைத்துவிட்டாள். பூஜிதா நிச்சயதார்த்தத்தன்று, தாய்மாமன் வராமல் தட்டு மாற்றக்கூடாது என்று பையன் வீட்டாரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்திருந்தீர்கள் என்பதும், நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கும்போது என் தந்தி வந்தது என்பதும், "அண்ணன் காலமானார். வர இயலாது" என்று அதில் இருந்ததும் எல்லாம் உண்மை. ஆனால் மாப்பிள்ளை, தந்தியைப் பிரித்தால் முதலில் மனசுக்குள் படிக்க வேண்டும். தாங்கள் தேங்காய் ஏலம் கூறுகிற குரலில் சபை நடுவே படித்துவிட்டீர்கள். லட்சுமணசாமி ஒரே பையன் ஆச்சே, இது எந்த அண்ணன் என்று மாப்பிள்ளைப் பையன் வம்சியின் அத்தை கேட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். எங்கள் அப்பாவுக்குப் போத்தனூரில் இன்னொரு குடும்பம் இருந்ததாக ஒருவர் சொல்ல, அந்த அண்ணனைத் தான் நேரிலேயே பார்த்திருப்பதாக இன்னொருவர் சொல்ல, என் ஜாடைதான், கொஞ்சம் நிறம் மட்டு என்று மூன்றாமவர் சேர்த்துக்கொள்ள, கார்த்திகை முடிவதற்குள் விவரம் தெரியாவிட்டால் தை ஒன்பதாம் தேதி முகூர்த்தமே இல்லை என்று சம்பந்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூஜிதா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. எங்கள் அப்பா ஒரு தாரத்துக்கே பயந்து மில்லில் ரெண்டு ஷிப்டு பார்த்த மனுஷர். போத்தனூருக்கு அவர் ரயிலில்கூடப் போனதில்லை. ஆகவே அந்த அண்ணன் யார், அவர் எப்படிக் காலமானார், பிறகு எப்படிக் காலமாகாமல் போனார் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைச் சம்பந்தி வீட்டில் அப்படியே படித்துக் காட்டவும். இந்த முறை சத்தமாகவே படிக்கலாம்.

அண்ணன் என்று நான் எழுதியது யானுஷை. தங்களுக்கு அவரைத் தெரியும். தங்கள் கல்யாண ஆல்பத்தில் எட்டாவது பக்கத்தில் வேட்டியின்மேல் இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு பனைமரம் மாதிரி நிற்கிற வெள்ளைக்காரர் அவர்தான். எழுபத்தொன்றில் எங்கள் மில்லுக்குப் போலந்து நாட்டிலிருந்து புது நூற்பு மெஷின்கள் வந்தபோது, அவற்றைப் பூட்டிக் கொடுக்க வந்தவர். அவர் ஊர் வூட்ஜ் என்கிற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மில் ஊர். நம்மைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்பதுபோல அந்த நகரத்தைப் போலந்து மான்செஸ்டர் என்பார்களாம். அசல் மான்செஸ்டரை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவருக்குப் பெண்டாட்டி உண்டு, மகள் உண்டு, அதற்கெல்லாம் மேலாக ட்காச் என்று ஒரு கால்பந்துச் சங்கம் உண்டு. ட்காச் என்றால் அவர்கள் பாஷையில் நெசவாளி. நான் மில் டீமின் கோல்கீப்பர், அவர் அங்கே லெப்ட் பேக். இது போதாதா? கேண்டீனில் அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் தலா கால்வாசிதான், ரெண்டும் சேர்ந்து அரை ஆனது. அந்த அரையை வைத்துக்கொண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சங்கத்தின் சரித்திரம் முழுவதையும் எனக்குச் சொல்லிவிட்டார்.

அந்தச் சரித்திரத்தில் நல்ல காலம் என்று தேடினால் ஒரு வாரம் தேறும். இருபத்திரண்டாம் வருஷம் மில் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். யாரும் வாங்காமல் கிடங்கில் கிடந்த காவி நிறத் துணியில் பனியன் தைத்துக்கொண்டு போய் முதல் மேட்சில் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எப்படியோ முட்டி மோதி முப்பத்தெட்டில் ஒரு கோப்பை ஜெயித்தார்கள். அடுத்த வருஷமே ஜெர்மன்காரன் வந்து, இனி இந்த ஊர்க்காரன் சங்கம் வைத்துப் பந்து உதைத்தால் ஜெயில் என்றான். கிழங்குக் காட்டில் ஒளிந்து விளையாடினார்கள். அதில் மூன்று பேர் திரும்பி வரவில்லை. கோப்பை அவன் கையில் சிக்கக்கூடாது என்று கோல்கீப்பர் அதை மில்லில் எங்கேயோ சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார். எந்தச் சுவர் என்று சொல்வதற்குள் அவரையும் கொண்டுபோய்விட்டார்கள். சண்டை முடிந்த பிறகு புது சர்க்கார் வந்து, பழைய பேர் ஆகாது என்று தொழிற்சங்கப் பேர் ஒன்றை வைத்தது. ஜனங்கள் மைதானத்தில் பழைய பேரைச் சொல்லிக் கத்தினார்கள், கத்தினவர்கள் பேரைப் போலீஸ் எழுதிக்கொண்டது. பிறகு பேர் திரும்பக் கிடைத்தது. கடைசியாக அறுபத்தெட்டில் முதல் டிவிஷனுக்குப் போக ஒரே ஒரு மேட்ச் பாக்கி, சமன் செய்தாலே போதும் என்கிற நிலைமை. எண்பத்தெட்டாவது நிமிஷம் வரைக்கும் சமன்தான். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் லெப்ட் பேக் யானுஷ் பந்தைக் கோல்கீப்பருக்குத் தள்ளினார். கோல்கீப்பர் அந்தப் பக்கம் இல்லை. சேம் சைடு கோல். அதற்கப்புறம் ஊரில் ரொட்டிக் கடைக்காரன்கூட அவரிடம் பேசவில்லையாம். வெளிநாட்டுக்கு மெஷின் பூட்டப் போக ஆள் வேண்டும் என்று மில்லில் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கியவர் அவர்தான். ஆகவே மாப்பிள்ளை, அந்த ஒரு உதை மட்டும் நேராகப் போயிருந்தால் நமக்கு இன்றைக்கு இந்தச் சங்கடமே இல்லை.

இங்கே வந்தும் அவர் கால் திருந்தவில்லை. தங்கள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் நடந்த மில் மேட்சில் என் பக்கம் அதே மாதிரி பந்தைத் தள்ளினார், நான் பாய்ந்தேன், மணிக்கட்டு முறிந்தது. கல்யாணத்தன்று அக்கினி முன்னால் பெண் கையில் பொரி எடுத்துப் போட வேண்டியவன் அண்ணன். அண்ணன் கையோ மாவுக்கட்டில் இருந்தது. கூடப் பிறந்தவர் வேறு யாரும் இல்லையா என்று புரோகிதர் கேட்டார். சபையில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். யானுஷ் எழுந்து வந்தார். கையை உடைத்தது நான், ஆகையால் இந்தக் கை என்னுடையது என்று இங்கிலீஷில் சொன்னார். புரோகிதருக்கு இங்கிலீஷ் தெரியாததால் ஆட்சேபம் சொல்லவில்லை. மூன்று தரம் பொரி போட்டார், மூன்று தரமும் அழுதார். அன்றிலிருந்து ரங்கநாயகிக்கு அவர் போலந்து அண்ணா. பிறகு இருபத்திரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்து. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி ட்காச் எத்தனாவது இடம் என்பது, ரெண்டாவது வரி ரங்கநாயகி சுகமா என்பது. எண்பத்தொன்றில் அவர்கள் ஊரில் ராணுவச் சட்டம் வந்து பதினாலு மாசம் கடிதமே இல்லை. அப்புறம் பாதியை யாரோ கத்திரித்து எடுத்துவிட்ட கடிதம் ஒன்று வந்தது. மிச்சம் விட்டிருந்தது ஒரே வரி: "ரெண்டுக்கு ஒன்று தோற்றோம்." அதைப் படித்ததும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ராமாமணி பாயசம் வைத்தாள்.

இந்தப் பின்னணியில் ஐப்பசி பதினைந்தாம் தேதி நடந்ததைப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குப் போஸ்ட்மேன் திருமூர்த்தி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க, ஒரு சங்கடமான தபாலுங்க" என்றார். போலந்து ஸ்டாம்பு. உள்ளே பெரிய தாள், நாலு ஓரமும் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு மை, மேலே சிலுவை, கீழே கொட்டை எழுத்தில் யானுஷின் முழுப் பெயர், நடுவில் எல்லாம் அவர்கள் பாஷை. ஆள் போய்விட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். சாவுச் செய்தி வந்த கடிதத்தை நம்மில் வாசல் தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டோம் என்பது தங்களுக்குத் தெரியும். ராமாமணி என் கையிலிருந்து பிடுங்கி, கவரோடு சேர்த்து எட்டாகக் கிழித்து, தெருச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டு என் தலையில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். சினேகிதருக்கு மூன்று நாள் தீட்டே அதிகம் என்பது அவள் கட்சி. தங்கைக்குப் பொரி போட்டவர் பங்காளிதான், பத்து நாளும் காக்க வேண்டும் என்பது என் கட்சி. நிச்சயதார்த்தம் ஏழாம் நாள் வந்தது. தீட்டோடு வந்து சுபகாரியத்தில் நிற்க எனக்கு மனசு ஒப்பவில்லை. ராமாமணியை விட்டுத் தந்தி கொடுக்கச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததில் யானுஷ் பெயர் இருந்தது. தந்தி ஆபீஸ் அம்மணி அந்தப் பெயரை மூன்று தடவை வாசிக்க முயற்சி செய்து பார்த்துவிட்டு, "பேரு எதுக்குங்க, அண்ணன்னா அவங்களுக்குத் தெரியாதுங்களா" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இவளும் மரியாதைக்கு எதிர் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

பத்தாம் நாள், தீபாவளிக்கு முதல் நாள், பேரூர் போய் ஆற்றங்கரையில் காரியம் செய்தேன். மொட்டை போட்டேன், மீசை எடுத்தேன். இறந்தவர் கோத்திரம் என்ன என்று கேட்டார் சாஸ்திரி. போலந்து என்றேன். தெரியாவிட்டால் காசியப கோத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். தெருவெல்லாம் வெடிச் சத்தம் கேட்க, நான் மொட்டைத் தலையோடு பஸ்ஸில் வீடு வந்தேன். இருபத்தெட்டு வருஷம் கழித்தாவது அந்தச் சேம் சைடு கோலை அந்த ஊர் மன்னித்திருக்குமா என்று நினைத்து நினைத்து வழியெல்லாம் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை.

மறுநாள் தீபாவளி. எங்களுக்கு ஏது தீபாவளி. காலையில் நாகூர் மீரான் வந்தார். பஜார் டெய்லர், எங்கள் மில் டீமுக்கு இருபது வருஷம் பனியன் தைத்தவர், இப்போது எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். அவருக்கு ஸ்டாம்பு சேர்க்கிற பழக்கம். யானுஷ் கடிதம் வந்தால் ஸ்டாம்பு அவருக்குத்தான். கையில் பழைய காலண்டர் அட்டை ஒன்று வைத்திருந்தார். ராமாமணி கிழித்துப் போட்ட அன்றைக்கே ஸ்டாம்புக்காகத் துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறார். கவருக்குள் கறுப்புத் தாளோடு ரெண்டாவதாக ஒரு சின்னத் தாளும், இங்கிலீஷில், யானுஷின் சொந்தக் கையெழுத்தில் இருந்திருக்கிறது. அதை நாங்கள் பார்க்காமலே சேர்த்துக் கிழித்திருக்கிறோம். மீரான் எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி, மூன்றாம் நாளே படித்துவிட்டார். "ஏனுங்ணா, செத்தது ஆளில்லீங்க, டீமுங்க" என்றார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மூன்றாம் நாளே தெரிந்தால் ஏன் பாய், அன்றைக்கே வந்து சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "துக்க ஊட்டுல வந்து, கிழிச்ச கடுதாசிய நீட்டறது மரியாதயில்லீங்களே. தீட்டுக் கழியட்டும்னு இருந்துபோட்டேனுங்க" என்றார். அவர் மனைவி பாத்திமுத்து பின்னாலேயே வந்து, சொல்லிவிடுங்கள் என்று தான் தினமும் சொன்னதாக அழுதார். மாப்பிள்ளை, நம்முடைய மரியாதையால் அழிந்த குடும்பங்களை எண்ணி முடியாது.

அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சம்பந்தியிடம் காட்டவும். அவருக்கு இங்கிலீஷ் வராது என்பதால் விஷயத்தைத் தமிழில் சொல்கிறேன். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் சர்க்கார் மாறியது, மில்லை விற்றார்கள், வாங்கினவன் தொண்ணூற்று மூன்றில் பூட்டினான். மில் போனதும் ட்காச்சுக்குப் பஸ் இல்லை, பந்து இல்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடங்கில் மிச்சமிருந்த பெட்ஷீட்டைக் கொடுத்தார்கள். போன வருஷம் மில்லை இடித்தபோது அந்தக் கோப்பை கிடைத்துவிட்டது, ஆனால் புல்டோசர் அதன்மேல் ஏறி இறங்கிய பிறகு. இந்த வருஷம் மைதானத்தையும் விற்று, சங்கத்தைக் கலைத்தாகிவிட்டது. மனுஷர் செத்தால் அவர்கள் ஊரில் கறுப்பு ஓரம் போட்டுத் தாள் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்களாம். எழுபத்திநாலு வயதுச் சங்கத்துக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் என்று, கடைசிச் செயலாளராகத் தன் பெயரைக் கீழே போட்டு யானுஷே அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினாராம். சேம் சைடு கோல் அடித்தவனைக் கொண்டே கடைசிச் சடங்கையும் செய்ய வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ரொட்டிக் கடைக்காரன் வந்து கை கொடுத்தானாம். அப்புறம் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்: "முழங்கால் பரவாயில்லை, ஆனால் டாக்டர்" என்பது வரை இருக்கிறது, அடுத்த துண்டு சாக்கடையோடு போய்விட்டது, அதற்கடுத்த துண்டு "அதற்காகக் கவலைப்படாதே" என்று ஆரம்பிக்கிறது. ஆகவே நான் கவலைப்படவில்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் தெருவே சிரித்தது. கால்பந்துச் சங்கத்துக்குக் கருமாதி செய்தவன் என்று பால்காரர்கூடப் பெயர் வைத்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒட்டுப்போட்ட தாளைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் மில்லும் தொண்ணூற்று நாலில் பூட்டியது. கேட்டில் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். எங்கள் டீமுக்கு முப்பத்தாறு வயது. அதற்குக் கறுப்பு மை தடவி நாங்கள் யாருக்கும் ஒரு கார்டு போடவில்லை. கோல் போஸ்டு பழைய இரும்புக்குப் போனபோது நான் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டதில் பாதியாவது அந்தப் பதினோரு பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் சரி. தாங்கள் பூஜிதா கல்யாணத்துக்குப் பிடித்திருக்கும் மண்டபம் எங்கள் மைதானத்தில் கட்டியதுதான். மணமேடை வருகிற இடம் சரியாக வடக்குக் கோல். பதினாறு வருஷம் நான் நின்ற இடம் அது. அங்கே தாய்மாமனாக நிற்க முடியாமல் போனால் என் மனசு ஆறாது.

இனி சம்பந்திக்கு முக்கியமான சேதி. யானுஷ் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டுமில்லை, வருகிறார். அட்டையின் கடைசித் துண்டில் தெளிவாக இருக்கிறது, தாங்களே பார்க்கலாம்: பன்னிரண்டு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இல்லாமல் இருந்ததில்லை, இப்போதுதான் காலி, நீ முன்பே எழுதியபடி ஜனவரியில் ரங்கநாயகி மகள் கல்யாணத்துக்கு வருகிறேன், வேட்டிக்கு பெல்ட் நானே கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறார். ஆகவே காலமான அண்ணனைப் பையன் வீட்டார் கண்ணாலேயே பார்க்கலாம். அவர் என் ஜாடையா, நிறம் மட்டா, போத்தனூர்க்காரரா என்று வம்சியின் அத்தையே பக்கத்தில் நிறுத்தி முடிவு செய்துகொள்ளட்டும். ரெண்டு தாய்மாமன்களோடு கல்யாணம் நடக்கிற பாக்கியம் இந்த ஜில்லாவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. தங்கையிடம் இதைச் சொல்லவும். கோபம் என் மேல்தானே, போலந்து அண்ணா மேல் இல்லையே. பூஜிதாவை எழுந்து சாப்பிடச் சொல்லவும். என் தலையில் முடி முளைக்க ஆரம்பித்துவிட்டது, முகூர்த்தத்துக்குள் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

தங்களுக்கும் தங்கைக்கும் என் வணக்கமும் மன்னிப்பும். பூஜிதாவும் வம்சியும் தொண்ணூறு நிமிஷமும் ஒரே பக்கம் பார்த்து விளையாடி நூறு வயது வாழ அத்தை ராமாமணியின் ஆசீர்வாதம், என்னுடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மில் லட்சுமணசாமி

பின்குறிப்பு: இது தங்களுக்கு மட்டும். தனித் தாளில் எழுதுகிறேன், இதைச் சம்பந்தி வீட்டில் படிக்க வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது திருமூர்த்தி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். இன்றைக்கும் உள்ளே வரவில்லை. போலந்து ஸ்டாம்பு. சின்னக் கவர், ஓரத்தில் கறுப்பு. மேலே விலாசம் எழுதியிருக்கிற கை யானுஷுடையது இல்லை, பெண்பிள்ளைக் கையெழுத்து. அவருடைய மகளாக இருக்கும். நான் தொடவில்லை. பிரிக்காத கடிதத்துக்கும் காதில் விழாத சாவுக்கும் தீட்டு இல்லை. இதை வைத்திருந்து தை பத்தாம் தேதி கொண்டுவந்து கொடுங்கள் என்று திருமூர்த்தியிடம் சொன்னேன். "சரிங்க, நானு இன்னிக்கு உங்க தெருவுக்கே வரலீங்க" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ராமாமணிக்குத் தெரியாது. ரங்கநாயகிக்கும் தெரிய வேண்டாம், அவளுக்கும் அவர் அண்ணன். போலந்து அண்ணா வருகிறார் என்றே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள், விசா கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தாளை மட்டும் வாசலில் நின்றே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள், மாப்பிள்ளை. ஏன் இந்நேரத்தில் தலைக்குக் குளிக்கிறீர்கள் என்று தங்கை கேட்டால், தோப்பில் மட்டை விழுந்து ஒரே தூசி என்று சொல்லுங்கள்.